முதுகுக்குப் பின்னால் வரும் பேச்சு

நான் பத்தாவது வரை படித்தவன். இருபத்திரண்டு வருடமாகச் சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டுகிறேன். காதைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என் காது பழுதானதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாதி போன பிறகே தெரிந்துகொண்டேன். நீங்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் கைப்பேச்சு உண்டு. இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. மற்றதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். இப்படியே பழகியதில் காது மங்கியது எனக்குத் தெரியவே இல்லை. எதிரில் நின்று பேசினால் எல்லாம் புரிந்தது. காதால் கேட்டேனா, கண்ணால் பார்த்தேனா என்று யோசித்ததில்லை.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். சாயங்காலம் மொபெட்டில் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவேன். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். முகம் தெரியாது, முனகல் மட்டும் கேட்கும். வண்டி இரைச்சல்தான் காரணம் என்று நினைத்து, அவள் நிறுத்தும் இடத்திலெல்லாம் "ம்ம்", "சரி கண்ணு", "நல்லது கண்ணு" என்று சொல்லி வைப்பேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் மனைவி வந்து எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, புள்ளையக் கபடி டீம்ல இருந்து எடுத்துப்போட்டாங்களாமா. அழுதுட்டே சொல்லிருக்கறா. நீங்க 'நல்லது கண்ணு'ன்னீங்களாமா?"

"எப்பச் சொன்னா?"

"வண்டில வாரப்பத்தான்!"

அதோடு மகள் வண்டியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளியிலிருந்து வீடு நாலு கிலோமீட்டர். ஒரு வார்த்தை கிடையாது. அவள் மறுபடி பேச வேண்டும், அது என் காதில் விழ வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கோயமுத்தூரில் காது பரிசோதிக்கும் ஓர் அம்மாவிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரல் அசைவது எனக்குத் தெரிந்தது. அசையும்போதெல்லாம் அமுக்கினேன். ஏமாற்ற நினைக்கவில்லை. கை அசைந்தால் பதில் சொல்வது எங்கள் வழக்கம், அவ்வளவுதான்.

அவர் நான் அமுக்கியதைக் குறித்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலைச் சும்மா அசைத்தார். அமுக்கினேன்.

"ஏனுங்கண்ணா, இப்ப நான் சத்தமே போடலீங்க. தறிக்குப் போறீங்களா?"

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"உங்கூர்ப் பக்கமிருந்து வாரவங்கள்ல பாதிப் பேருக்கு என்னோட கைதானுங்க காது."

சிரித்துக்கொண்டே என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அப்புறம் நான் அமுக்கியது கொஞ்சம்தான்.

அவர் படம் காட்டி விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சத்தம் என்பது காற்றில் வரும் அதிர்வு. அது செவிப்பறையை ஆட்டும். அதை ஒட்டி இருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அந்த ஆட்டத்தை உள்ளே தள்ளும். உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்ட குழல், அதில் நீர், அந்த நீரில் அலையும் நுண்ணிய மயிர்கள். மயிர் சாய்ந்தால் நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகும். குழலின் வாசலில் இருப்பவை கீச்சுக் குரலுக்கு. உள்கோடியில் இருப்பவை தடித்த குரலுக்கு. ஓயாத இரைச்சலில் முதலில் சாவது வாசல் பக்கம்தான். 'ச', 'த' போன்ற மெல்லிய ஓசைகள் அதோடு போய்விடும். அறுத்த சோளம்கூட மறுபடி துளிர்க்கும், இவை துளிர்க்காது.

இரண்டு காதுக்கும் கருவி மாட்டிக்கொண்டு வந்தேன். கேரிபேக் கசங்குவது, கடுகு வெடிப்பது, என் செருப்பு, மின்விசிறி எல்லாம் ஒரே அளவில் மண்டைக்குள் இடித்தன. மூன்றாம் நாள் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"காது வாங்கித்தானுங்கண்ணா குடுக்கும், கேக்கறது மூளை. இத்தன வருசமா வராத சத்தமெல்லாம் ஒண்ணா வந்து நிக்குது. எது வேணும், எது வேண்டாம்னு அது பழகோணும். தெனமும் மாட்டுனாத்தான் பழகும்."

யோசித்துப் பார்த்தேன். தறிக்குச் சேர்ந்த புதிதில் தலை வெடித்தது. ஒரு மாதத்தில் ஓடும் தறிக்குப் பக்கத்திலேயே மத்தியானம் தூங்கினேன். அந்தச் சத்தத்தை ஒதுக்கக் கற்றுக்கொண்ட மூளை, இதையும் கற்றுக்கொள்ளாதா? பீரோவைத் திறந்தேன்.

மகளைக் கூப்பிட்டு, என் முதுகுப் பக்கம் நின்று அறிவியல் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள். முதல் நாள் பத்து வரியில் மூன்றுதான் தேறியது.

"அப்பா, நீங்க பெயிலு."

"நாளைக்கும் வாரனுங்க டீச்சர்."

"வாங்க. ஆனா திரும்பிப் பாக்கப்படாது!"

தினமும் ஒரு பக்கம். குடோனில் மட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, இரைச்சல் உள்ளே போகாமல் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டேன். பக்கத்துத் தறிக்காரர் டீ நேரத்தில் கேட்டார்: "ஏப்பா, புது மாப்பளையாட்டக் காதுக்கு நகை போட்டுட்டு வந்திருக்கற?"

"மிச்சம் இருக்கறதுக்குப் பூட்டுங்க," என்றேன். இன்னும் சிரிக்கிறார்கள். நான் கழற்றவில்லை.

இரண்டு மாதத்தில் பத்துக்கு ஏழு, எட்டு வரி தேறியது. வண்டியில் மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

போன வாரம் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டியை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். பின்னால் சன்னமாகக் குரல் வந்தது.

"நாளைக்குக் கபடிக்கு மறுபடி ஆள் எடுக்கறாங்க. இந்தத் தடவயும் எடுக்காம போயிட்டா?"

ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. நான் திரும்பவில்லை.

"எடுக்காட்டி அடுத்த தடவ போலாம் கண்ணு. நான் பெயிலாயிட்டு மறுநாள் வந்து உக்காரலியா?"

அவள் என் தோளைப் பிடித்து எட்டினாள்.

"கண்ணாடில என்னைப் பாத்தீங்களா?"

"இல்ல அம்மணி. ரயில்வே கேட்டத்தான் பாத்துட்டு இருக்கறேன்."

ரயில் வந்தது. போகும் வரை இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட் தூக்கியதும் அவள் இறங்கினாள். நானும் இறங்கி, இரைச்சல் வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பாமல் தண்டவாளம் தாண்டி உருட்டிக்கொண்டே நடந்தேன். அவள் பக்கத்தில் வரவில்லை. பின்னாலேயே நடந்தாள், பேசிக்கொண்டே.