தொட்டால் குதிக்கிற மெனு

இணையதளம் என்றால் அதில் ஏதாவது குதிக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. எழுத்து ஓடும், மணி ஆடும், தபால்பெட்டி வாயைத் திறந்து மூடும். படிக்க மட்டும் ஒன்றும் இருக்காது. இரண்டாயிரம் பிறந்த புதிதில், ராசிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து இந்தக் கூத்துக்கெல்லாம் படம் செய்து கொடுத்தவள் நான். கடையில் போட்டோஷாப் தெரிந்த கை என்னுடையது மட்டும்தான். முதலாளிக்கு மவுஸைப் பிடிக்கவே பயம்.

நான் கொல்லிமலைக்காரி. மலையில் ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பேர்; எங்கள் வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும். மகள் கம்ப்யூட்டரில் படம் போடுகிறாள் என்று அப்பா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்வார். என்ன படம் என்று அவருக்கே தெரியாது. அடுத்த சந்தைக்கு மிளகு கொண்டுவரும்போது நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்றிருந்தார். அவருக்குக் காட்ட விசிட்டிங் கார்டு தவிர என்னிடம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் தன் லாட்ஜுக்கு இணையதளம் வேண்டும் என்று ஒரு லாட்ஜ்காரர் வந்து சேர்ந்தார்.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். மலைமேல் இடம் வாங்கி லாட்ஜ் கட்டியிருந்தார். சுற்றிலும் நிஜ மரம் நிற்கிற இடத்தில், சிமெண்டில் மரக்கட்டை மாதிரி பெஞ்சு செய்து போட்டிருந்த ரசிகர்.

“மெனு விளையாட்டா இருக்கோணுமுங்க அம்மணி. மவுஸ் பட்டாப் போதும், பாக்கறவன் சிரிக்கோணும்.”

அறை, சாப்பாடு, அருவி என்று பொத்தானுக்கு ஒன்றாக எங்கள் மலையில் விளைவதையே வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் வேண்டும். சும்மா இருக்கும்போது ஒன்று, மவுஸ் பட்டால் இன்னொன்று. இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பழம் நடுங்கும். தொட்டால் பலாப்பழம் பிளந்து சுளை காட்டும். அன்னாசியின் கொண்டை சிலிர்த்துக்கொள்ளும். மரவள்ளி கிழங்கோடு மண்ணைவிட்டு மேலே வரும். கிழங்கில் ஒட்டிய மண்ணைக்கூடத் தனி லேயரில் வரைந்திருந்தேன். அப்பாவுக்குக் காட்ட ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

லாட்ஜ்காரர் பார்த்தார். “பழக்கடை போர்டாட்ட இருக்குதுங்க,” என்றார்.

அவருக்கு வேண்டியது ஆதிவாசி. இடுப்பில் இலை, கையில் ஈட்டி, தொட்டால் குதிக்க வேண்டும்.

“அப்படி ஆளுங்களை எங்கீங்க பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“மலைமேலதாங்க.”

“உங்க லாட்ஜுல வேலை செய்யறவங்க மலைக்காரங்கதானுங்களே?”

“அவங்கெல்லாம் பேண்ட் போட்டுக்கறாங்க அம்மணி. அதானுங்க பிரச்சினை.”

முதலாளி இருமினார். எனக்கு வாழவந்தி நாடு என்று சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் நெளிந்திருப்பார்கள். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அடடே, அப்ப சோலி சுலபமுங்க! உங்கப்பாவையே ஒரு நாளைக்கு இலையைக் கட்டி நிக்க வெச்சு போட்டோ எடுத்துக்கலாம். மத்தியானச் சாப்பாடு நம்ம லாட்ஜுலயே.”

சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் வாசலைத் தாண்டாத மனுஷன் எங்கள் அப்பா. மார்கழிக் குளிரில் எங்கள் ஊர் நாய்கூட சாக்கு தேடிப் படுக்கும். இலையாம், இலை! “நான் வரைய மாட்டேனுங்க. வேலையை விட்டு நிறுத்தினாலும் சரிங்க,” என்றேன். என் கையால் செய்ததை அப்பா முதன்முதலாகப் பார்க்கும்போது, அதில் எங்கள் ஆட்கள் கோமாளிகளாக நிற்கக் கூடாது.

முதலாளி என்னைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார், கோபத்தை விழுங்கிக்கொண்டார். நீங்களே போட்டோ எடுத்து வந்தால் வெட்டி ஒட்டித் தருகிறோம் என்று லாட்ஜ்காரரிடம் சொன்னார். எங்கள் ஆள் ஒருவரும் நிற்க மாட்டார் என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

யாரும் நிற்கவில்லை. சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். வாட்ச்மேன் சாவிக்கொத்தை நீட்டினாராம். கடைசியில் லாட்ஜ்காரர் தானே சட்டையைக் கழற்றிவிட்டார். தொப்பைக்குக் கீழே வாழையிலை, கையில் ஒட்டடைக்கம்பு, முகமெல்லாம் கரி. கரி பூசினால் மலைக்காரன் ஆகிவிடலாம் என்பது அவர் எண்ணம். கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தார்.

அந்தப் போட்டோவை நான் ஆசை ஆசையாக வெட்டினேன். தொப்பையின் ஒரு மடிப்பையும் விடவில்லை. இரண்டாவது படத்தில் ஆளை மேலே தூக்கி வைத்தேன், தொப்பையை மட்டும் கொஞ்சம் கீழேயே விட்டேன். கடிகாரத்தை அழித்துவிடச் சொன்னார் முதலாளி. படம் சின்னதானால் தெரியாதுங்க என்றேன். நன்றாகவே தெரிந்தது. லாட்ஜ்காரர் அதைக் கவனிக்காமல் கைதட்டி ரசித்தார்.

சந்தையன்று அப்பா வந்தார். படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். என் நாற்காலியில் உட்காரவைத்து மவுஸைக் கையில் கொடுத்தேன். பலாப்பழத்தைத்தான் காட்ட நினைத்தேன். அதற்குள் முதலாளி, உங்கள் மகள் செய்தது என்று பெருமையாகச் சொல்லி புது மெனுவைத் திறக்கச் சொல்லிவிட்டார். அப்பாவின் கை பட்டதும் லாட்ஜ்காரர் குதித்தார்.

“இது யாரு கண்ணு?”

“கொல்லிமலைக்காரராமுங்கப்பா.”

அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார். “நம்ம நாட்டுல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்லையே. பெரக்கரை நாட்டுப் பக்கமாட்ட இருக்குது.”

எனக்கு மனசு லேசானது. அவர் அதில் தன்னைத் தேடக்கூட இல்லை.

“வாட்ச் கட்டியிருக்கறாரு,” என்றார் இன்னும் கிட்டே குனிந்து. “ஒரு சட்டை வாங்க முடியலையாட்டிருக்குது, பாவம்.”

நான் சிரித்துவிட்டேன். அப்பாவின் கை அசைந்து அந்தாள் மறுபடி குதித்தார். அப்பா மவுஸை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“வேண்டாங்கண்ணு. தொட்டாக் குதிக்கறாரு. துணியில்லாத மனுசனைப் போட்டு எதுக்குக் குதிக்க வெக்கிறது? சும்மா நிக்கட்டும்.”

அந்த இரக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அப்பாவை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே கடைக்குத் திரும்பினேன். கை சலிக்கும்வரை அந்தாளைக் குதிக்க வைத்தேன்.