ஈஸ்வரமூலியைச் சொல்லாமல் விட்டேன்

கீரப்பாளையம் பக்கம் என் மனைவியின் ஊர். ஊர் எல்லையில் நான்கைந்து ஏக்கரில் ஓர் அய்யனார் கோயில் காடு இருந்தது. அதற்குள் ஒரு சுள்ளியை ஒடித்தாலும் குற்றம். 2006 மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சிவப்புடல் அழகியைப் பார்த்தேன். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை, உடம்பெல்லாம் குங்குமச் சிவப்பு. எங்கள் மாவட்டத்தில் அந்தப் பட்டாம்பூச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடலூரில் நான் விலங்கியல் வாத்தியார். அதன் பிறகு லீவு கிடைத்தால் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன். மாமியார் வீட்டுச் சாப்பாடு இழுக்கிறது என்று பள்ளியில் கிண்டல் செய்தார்கள். நானோ புதருக்குள் குந்திக்கொண்டு கொசுக்கடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பூச்சியின் உயிர் ஒரே ஒரு கொடியில் இருந்தது. ஈஸ்வரமூலி. தாய்ப்பூச்சி செடி செடியாக உட்கார்ந்து, காலால் தொட்டுப் பார்த்து, அந்தக் கொடிதான் என்று தெரிந்த பிறகே சிவப்பு முட்டையை இலையடியில் ஒட்டும். புழு கருகருவென்று, மேலெல்லாம் சிவப்பு முட்களோடு இருக்கும். கொடியின் நஞ்சைத் தின்று தானும் நஞ்சாகிவிடுவதால் குருவிகள் அதைத் தொடுவதில்லை. பிறகு காய்ந்த சருகு மாதிரி கூட்டுப்புழுவாகத் தொங்கும். புழுவுக்கு வேறு இலையைப் போட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அந்தப் பாவமும் என் கணக்கில் உண்டு.

கோயில் தர்மகர்த்தா என் மனைவியின் அண்ணன். ஒருநாள் அவரைக் கூட்டிப்போய்ப் பூச்சியைக் காட்டினேன். கைகூப்பிவிட்டார்.

"குங்குமம் வச்சாப்ல இருக்கே மாப்ள! இது என்னாத்த துண்ணும்?"

ஈஸ்வரமூலி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதன் வேர் பாம்புக்கடி மருந்து. பெயர் வெளியே தெரிந்தால் வேர் தோண்டுகிறவர்கள் ஒரே வாரத்தில் காட்டைத் துடைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அதைவிட, அந்த ரகசியம் எனக்கு மட்டுமே தெரிந்திருந்ததில் ஒரு கர்வமும் இருந்தது. ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

"பூவுல தேன் குடிக்கும் மச்சான்" என்றேன். அது பொய்யில்லை. பாதி.

அடுத்த ஆண்டு பரீட்சை வேலை, வீட்டில் நோய் என்று நான்கு மாதம் போக முடியவில்லை. போனபோது காட்டின் வாசலிலேயே மச்சான் சிரித்துக்கொண்டு நின்றார். உள்ளே வெளிச்சமாக இருந்தது. பெரிய மரங்களை விட்டுவிட்டுக் கீழே இருந்த புதர், கொடி எல்லாவற்றையும் வழித்தெடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் வரிசையாக இட்லிப்பூ, அரளி, நந்தியாவட்டை.

"பூச்சிக்குப் பூ பத்தலன்னு ஊருல பேசினோம் மாப்ள. காட்டுல கத்தி வைக்கலாமான்னு சாமி தலையில பூ வச்சு நான்தான் கேட்டேன். வலப்பக்கம் உழுந்துச்சு. உத்தரவு ஆயிடுச்சு. எல்லாம் உங்க பூச்சிக்குத்தான்!"

வேலியோரம் வெட்டிய கொடிகள் குவிந்து காய்ந்து கிடந்தன. புரட்டிப் பார்த்தேன். ஈஸ்வரமூலித் தண்டுகளில் புழுக்கள் சுருங்கி ஒட்டியிருந்தன. கத்தியிருக்கலாம். ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? "நல்லா இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மிச்சமிருந்த பூச்சிகள் சில வாரம் இட்லிப்பூவில் மொய்த்தன. சேத்தியாத்தோப்பிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்களாம். நான் பார்த்தபோது ஒரு தாய்ப்பூச்சி அரளி இலை, நந்தியாவட்டை இலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எழுந்துகொண்டிருந்தது. அடுத்த மழைக்கு ஒன்றுகூட இல்லை. நான் கடலூரில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நட்ட இரண்டு கொடிகள் தழைத்தன. அவற்றில் முட்டையிடத்தான் யாரும் வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? சாமிக்குப் பிடிக்கவில்லை, பூ கேட்டதே தப்பு என்று பேச்சு கிளம்பியது. மச்சான் தர்மகர்த்தா பொறுப்பை விட்டுவிட்டார். நல்லது கெட்டதுக்குப் போவதும் நின்றது. 2011 கடைசியில் தானே புயல் அடித்தது. ரோடு திறந்ததும் போனேன். பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சாய்ந்த ஓர் அடிமரத்தின்மேல் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"என்னாலதான் மாப்ள. சாமி பூச்சிய மொதல்ல அனுப்பிட்டு, அப்புறம் காட்டையும் படுக்க வச்சிட்டாரு. நான் பூ கேட்டிருக்கக் கூடாது."

அவர் முகத்தைப் பார்த்தேன். உங்களால் இல்லை, என்னால்தான் என்று சொன்னால் போதும். ஐந்து வருடமாக வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை, கொடியின் பெயர், அப்போதும் வாயை விட்டு வரவில்லை.

"புயலு எல்லா ஊருலயும்தான் அடிச்சிது மச்சான். சாமி கோவமெல்லாம் இல்ல."

இதுவும் பொய்யில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க படிச்சவரு மாப்ள. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.