பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்

நான் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வான், முன்பு பிணம் ஏற்றிய வான்!

அமரர் ஊர்தி என்று மரியாதையாகச் சொல்வார்கள். பெயர் எதுவானால் என்ன, அதற்குள் போனது பெட்டிதான். அன்றைக்கு அதை ஓட்டியவனும் நான், இன்றைக்கு ஓட்டுபவனும் நான். இப்போது அதற்குள் குடும்பங்கள் படுத்துறங்குகின்றன, தேநீர் வைத்துக் குடிக்கின்றன, பிள்ளைகள் சீட்டு விளையாடுகிறார்கள். ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

இவ்வளவுதான் என் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள்... இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. சண்டிலிப்பாயில் ஒரு தாய்க்கு நான் செய்தது. அதைச் சொல்லத்தான் உங்களை இருத்தி வைத்திருக்கிறேன்.

இணுவிலில் என் வீடு. மரணச் சடங்குகள் நடத்திக் கொடுக்கும் ஒருவரிடம் பல வருடம் சாரதியாக இருந்தேன். அவர் புது வண்டி வாங்கியபோது பழையதை எனக்கே விட்டுவிட்டார். அதை வைத்து என்ன செய்வது? மரக்கறி ஏற்றினால் சந்தையில் தொடுவார்களா? அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வான் இருக்கிறதா என்று விசாரிப்பது என் காதில் விழுந்தது. அங்கே கோடை விடுமுறைக்கு அப்படித்தான் போவார்களாம். வெள்ளை வானுக்கு நீலம் அடித்தேன். பக்கவாட்டில் ஒரு பனையும் சூரியனும் கீறுவித்தேன். கோயில் வாசலில் நிறுத்தி அர்ச்சனை செய்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தேன். ஐயருக்குக்கூட வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லவில்லை.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு வான் எடுக்க வரலாம். ஆகவே சில விடயங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதையாவது ஒளிக்காமல் சொல்கிறேனே!

படங்களில் காண்பதுபோல நினைத்த கடற்கரையில் நிறுத்திவிட முடியாது. எங்கள் குறுகிய ஒழுங்கைகளில் இந்த வானைத் திருப்புவதற்குள் சாரதிக்கு வியர்த்துக் கொட்டும். தண்ணீர்த் தாங்கி நாலு பேருக்கு ஒருநாள் காணாது, ஏனென்றால் கிணற்றில் அள்ளி ஊற்றிக் குளித்தவர்களுக்குச் சிக்கனமாய்க் குளிக்கத் தெரியாது. எஞ்சின் நின்றால் குளிரூட்டியும் நின்றுவிடும். ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகள் முதல் நாள் சிணுங்குவார்கள், ஆனால் மூன்றாம் நாள் இறங்க மாட்டோம் என்று அழுவார்கள்.

கட்டிலை மட்டும் எல்லோரும் புகழ்வார்கள். நல்ல நீளம், நெட்டையான ஆளும் கால் நீட்டிப் படுக்கலாம். ஏன் அந்த நீளம் என்று எவரும் கேட்டதில்லை... பெட்டி உருண்டு ஏறுவதற்கென்று தரையோடு ஒட்டிய இரும்புச் சட்டம் அது. வெட்டினால் தரையும் சேர்ந்து பெயரும் என்று வெல்டிங்காரர் கையை விரித்தார். அதன் மேலேயே பலகை அடித்து மெத்தை போட்டுவிட்டேன்.

இனி அந்தத் தாய்.

சென்ற கோடையில் கனடாவிலிருந்து சுதன் என்றொருவர் தொலைபேசியில் கதைத்தார். மனைவி, மகளோடு வருகிறாராம். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் தாய்க்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறதாம். "அப்பா போனாப் பிறகு அம்மா ஒழுங்கா நித்திரை கொள்ளுறேல்லை அண்ணை. வீட்டை விட்டு வெளிக்கிடப் பண்ணினாலாவது கொஞ்சம் தேறுவா. அதுதான் வான் எடுத்துக்கொண்டு நாலு இடம் போவம் எண்டு பாக்கிறன்" என்றார். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தந்த முகவரி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒழுங்கைக்குள் வானைத் திருப்பியபோது என் கைகளுக்குத் தெரிந்துவிட்டது! இரண்டாவது முடக்கில், மதில் மூலையில், இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைக் கீறல். அது என் வானின் பழைய வெள்ளை. அந்த மதிலில் நான்தான் உரசினேன். இந்த வானால்தான் உரசினேன்.

சுதனின் அப்பாவை ஏற்ற வந்த அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. மாரி மழை. மதிலில் உரசியதற்காக மதில்காரர், சாவீடு என்றும் பாராமல், என்னைக் கண்டபடி ஏசினார். பெட்டியை ஏற்றும்போது மழை பிடித்துக் கொட்டியது. பெட்டிக்குப் பக்கத்தில் உரித்துள்ள சொந்தக்காரர் ஒருவராவது ஏறி இருப்பது எங்கள் வழமை அல்லவா? அன்றைக்கு ஆண்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், ஆகவே கொள்ளி வைக்க இருந்தவர் மருமகன். கொள்ளிச்சட்டி நனையக்கூடாதென்று அவரையும் ஒரு காரில் ஏற்றிவிட்டார்கள். கார் பக்கம் போனவர்களில் ஒருவர் வானில் இருக்கிறார் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பஸ் பக்கம் போனவர்களில் ஒருவர் இருக்கிறார் என்று காரில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

வானில் நானும் பெட்டிக்குள் அவரும்தான்.

ஏச்சு வாங்கிய கோபத்தில் நான் வேகமாக ஓட்டினேன். ஒரு வேகத்தடை வானைத் தூக்கிப் போட்டபோது பின்னால் பெட்டி சட்டத்தில் நகர்ந்து இடித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேனா? இல்லை... வானொலியில் கிரிக்கெட் வர்ணனை போய்க்கொண்டிருந்தது. அதைக் கூட்டிவிட்டேன். ஐயோ, அதைக் கூட்டிவிட்டேன்!

இப்போது அதே வாசலில் நீல வானோடு நிற்கிறேன். அந்த அம்மா வெளியே வந்தார். என்னை அடையாளம் காணவில்லை. சாவீட்டில் சாரதியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அப்போதே "அம்மா, இந்த வான் வேண்டாம்" என்று திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். போனால் காரணம் சொல்லவேண்டும், சொன்னால் ஊர் முழுக்கக் கதை பரவும், பிறகு என் வானில் எவர் ஏறுவார்? வாயை மூடிக்கொண்டு பயணப் பைகளைத் தூக்கி ஏற்றினேன்.

அம்மா ஏறியதும் முதலில் கண்டது, அடுப்புக்குப் பக்கத்தில் நான் தடுத்துக் கட்டிய சின்னக் கழிவறையை.

"சமைக்கிற இடத்துக்குப் பக்கத்திலை கக்கூசோ! ஆரப்பா உதைக் கட்டினது?"

"நான்தான் அம்மா."

"வடிவாத்தான் கட்டியிருக்கிறியள். பூட்டித் திறப்பை என்னட்டைத் தாங்கோ."

பயணம் முழுவதும் அந்தக் கதவு திறக்கப்படவில்லை. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நீங்கள் வயதான தாயோடு வருவதாயின், பக்கத்தில் மடமோ தெரிந்த வீடோ உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

தொண்டைமானாற்றில் கடல்நீரேரிக் கரையோரம் வானை நிறுத்தினோம். நான் வெளியே பாய் போட்டுப் படுத்தேன். உள்ளே நீளக் கட்டில் அம்மாவுக்கு. அந்தக் கட்டில்... அந்த இடம்... அந்த அம்மா கனவு கண்டு அலறப்போகிறார் என்று பயந்துகொண்டே கிடந்தேன்.

காலையில் சுதன் என்னைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணை, அம்மா விடியும் மட்டும் நல்ல நித்திரை. இப்பவும் எழும்பேல்லை. உந்த வானுக்குள்ளை என்ன மாயம் வைச்சிருக்கிறியள்?"

தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அன்று சந்நிதியில் பொங்கலும் நேர்த்தியும் முடிந்து திரும்பினோம். சுதனும் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு கரையோரம் நடக்கப் போனார்கள். வீச்சுவலைக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அம்மா வானின் படியில் இருந்து திருநீறு பூசிய நெற்றியோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் வாகனத் தொழிலிலை இருக்கிறனீங்கள். உங்களுக்குப் பல டிரைவர்மாரைத் தெரியுமெல்லோ?"

"ஓம் அம்மா."

"எங்கடை இவரின்ரை பெட்டி கொண்டுபோன வானை ஓடினவரை ஒருக்காக் கண்டுபிடிச்சுத் தருவியளோ?"

ஏன் என்று கேட்டேன்.

"பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லைத்தானே. வாசலோடை எங்களை நிப்பாட்டிப் போட்டினம். மழையிலை ஆர் ஏறினது, ஆர் ஏறேல்லை எண்டு நான் காணேல்லை. பிறகு மருமோனைக் கேட்டன், தான் காரிலை வந்ததாம். மற்றாக்களைக் கேட்டன், எல்லாரும் பஸ்ஸிலையாம். அப்ப அவரோடை ஆர் போனது தம்பி? அந்த மனிசன் கடைக்குப் போறதெண்டாலும் துணைக்கு ஆரையும் கூப்பிடுற மனிசன்... தனியப் போட்டாரோ எண்டதுதான் எனக்கு நித்திரையில்லை."

கேட்டீர்களா? அந்த அம்மாவின் நித்திரை என் கையில் இருந்தது. அவர் தேடிய சாரதி முன்னால்தான் நின்றான். அவர் இருந்த படியே அந்த வானின் படி. "நான்தான் அம்மா, அவரோடு நான் போனேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் அப்படிச் சொன்னால் வானைப் பற்றியும் சொல்லவேண்டும். வானைப் பற்றிச் சொன்னால் பிணம் ஏற்றிய துடக்கு வானில் பொங்கல் பானை ஏற்றினோமா என்று அவர் துடித்துப்போவார். என் பிழைப்பும் போகும். இரண்டும் மனதில் ஓடின. எது முதலில் ஓடியது என்று கேட்காதீர்கள்... பிழைப்புத்தான் முதலில் ஓடியது.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா, ஒருத்தரைக் கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

வானுக்குப் பின்னால் போய் நின்றேன். தொலைபேசியைக் காதில் வைத்தேன். ஒரு இலக்கமும் அழுத்தவில்லை. வீச்சுவலைக்காரர் வலையை இழுத்து உதறுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமில்லாத தொலைபேசிக்குள் "ஓம்... ஓம்... அப்படியே?" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். வெட்கம் கெட்டவன்!

திரும்பி வந்து சொன்னேன்: "கதைச்சனான் அம்மா. தனியப் போகேல்லையாம். ஒருத்தர் பின்னாலை இருந்தவராம். சுடலை மட்டும் பெட்டியிலை கை வைச்சபடிதான் வந்தவராம்."

"ஆராம்?"

"பேர் தெரியாதாம். உங்கடை ஊர் ஆளாத்தான் இருக்கவேணுமாம்."

அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கண்ட அழுகைகளுக்குக் கணக்கில்லை, தொழில் அப்படி. ஆனால் இப்படி ஒரு அழுகையைக் கண்டதில்லை. அது ஆறுதலின் அழுகை. பிறகு எழும்பி உள்ளே போய், பட்டப்பகலில், அந்த நீளக் கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தார். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல் படுத்திருந்தார். நான் கதவை மெல்லச் சாத்தினேன்.

அந்த நேரத்தில் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? நல்லதுதானே செய்தாய் என்றது! ஒரு பொய்யால் ஒரு தாய்க்கு நித்திரை கொடுத்தாய் என்றது. நானும் நம்பினேன். அன்று பின்னேரம் பருத்தித்துறைப் பக்கம் போய்ச் சிறுமிக்குக் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டைக் காட்டினேன். வடை வாங்கிக் கொடுத்தேன். விசிலடித்துக்கொண்டுகூட ஓட்டினேன்.

ஆனால் ஒரு ஆளை வாயால் உண்டாக்கிவிட்டால் அந்த ஆள் சும்மா இருப்பாரா?

சுதன் குடும்பம் கனடாவுக்குத் திரும்பி ஒரு கிழமைக்குள் அம்மா தொலைபேசியில் கதைத்தார். "தம்பி, அந்த ஆள் ஆரெண்டு தெரிஞ்சுதோ?" அவர் கொழும்புக்குப் போய்விட்டாராம் என்றேன். பிறகும் கதைத்தார். சுகமில்லையாம் என்றேன். பிறகு கேட்டபோது, "சுகமில்லாத ஆளுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கினம்?" என்று கவலைப்பட்டார். இல்லாத ஒருவருக்காகச் சந்நிதியில் அர்ச்சனை செய்வித்தாராம். என்னுடைய பொய்க்குத் திருநீறு வாங்கி வைத்திருக்கிறார்.

அந்தத் திருநீறு யாருக்குச் சேரவேண்டியது? எனக்கா? அவரோடு கடைசியாகப் போனவன் நான்தானே! ஆனால் நான் கை வைக்கவில்லையே... திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. உண்மையைச் சொல்லப் போனால் அதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? "அம்மா, அவர் தனியத்தான் போனவர், நான் கிரிக்கெட் கேட்டனான்" என்று எந்த வாயால் சொல்வேன்? என் வானைக் காப்பாற்றத் தொடங்கிய பொய் இப்போது அந்த அம்மாவையும் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்தால் எது விழும் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் மீண்டும் கதைத்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்! வருகிற திவசத்துக்குச் சுதன் வருகிறாராம். பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போகவேண்டுமாம். வான் அதே நீல வான்தான் வேண்டுமாம்.

"இன்னொண்டு தம்பி. அண்டைக்கு அந்த ஆளையும் எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கு நான் என்ரை கையாலை ஒரு பிடி சோறு போடோணும். அவர் சாப்பிட்டாத்தான் மற்றாக்களுக்கு இலை போடுவன்."

"ஓம் அம்மா" என்றேன்.

ஓம் என்றுவிட்டேன்! ஏன் அப்படிச் சொன்னேன்? யாராவது ஒரு சிநேகிதனைக் கூட்டிப்போய் அந்த இலைக்கு முன்னால் இருத்துவதா? அவன் பசியோடு சாப்பிடுவான், அம்மா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? அல்லது நானே போய் அந்த இலையில் இருப்பதா? இருந்தால் சோறு இறங்குமா?

இன்று காலை வானைக் கழுவினேன். மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, அந்த இரும்புச் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தேன்... கனநேரம். சண்டிலிப்பாயில் அந்த வாசலிலிருந்து சுடலை வரை ஓடும் நேரம் இருக்கும்.

அன்றைக்கு வைத்திருக்கவேண்டிய கை.