புறங்கைக்கு மட்டும் லேசர்

ஒரகடத்தில் ரப்பர் அச்சு மெஷினில் வலது கை வெந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. புறங்கை மட்டும் வலை விரித்த மாதிரி தடித்துக் கிடந்தது. அது எனக்குப் பெரிய குறையில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தழும்பு இறுகி, ஒரு டம்ளரைப் பிடிக்கும் அளவுக்குக்கூடக் கை விரியாததுதான் குறை. ஆறு வருஷம் மெஷினில் நின்றவளை ஸ்டோரில் உட்காரவைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். லைட் டியூட்டியாம். எனக்கு என் மெஷின் வேண்டும்.

லேசர் டாக்டர் ஒளிக்காமல் பேசினார். தழும்பு மறையாது, இளகும். ஒரு தடவைக்குக் கொஞ்ச இடம்தான் செய்யலாம். அடுத்த தடவைக்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். "எந்த இடத்துல ஆரம்பிக்கலாம்?" என்று என்னைத்தான் கேட்டார்.

பதில் சொன்னது கூட வந்த என் அக்கா. "வெளிய தெரியற எடத்த மொதல்ல பாருங்க டாக்டர். வாலாஜாபாத்லேர்ந்து பொண்ணு பாக்க வராங்க."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தப் புறங்கையைக் கொஞ்சம் அழகாகப் பார்க்க எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. இப்போது அதை ஒப்புக்கொள்ளும்போது என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

மரத்துப்போகவைக்கும் களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அப்படியும் கொதிக்கும் எண்ணெய் தெறிப்பதுபோல் சுருக் சுருக்கென்றது. பொசுங்கின முடி வாடை வேறு. வெயில் படக்கூடாது என்றார்கள். பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு கூரை கிடையாது. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் தடவையும் புறங்கைதான். மூன்றாம் தடவையாவது விரலிடுக்கைக் காட்டலாம் என்று போனால், "மணிக்கட்டாண்ட இன்னும் மேடா கீது பாரு, வளையல் போடற எடம்டி" என்று அக்கா முந்திக்கொண்டாள். வாலாஜாபாத்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

ஆனால் புறங்கை நிஜமாகவே நன்றாக ஆகிவிட்டது. மேடு அமுங்கி, நிறமும் கூடி வந்தது. வந்த வினையே அதுதான். விரலிடுக்குக்கு இன்னும் இரண்டு தடவை லேசர் வைக்க வேண்டும், அதுவரை ஸ்டோரிலேயே இருக்கிறேன் என்று சொல்லப் போனபோது, சூப்பர்வைசர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைதான் சூப்பரா ஆயிடுச்சே. அப்புறம் இன்னாமா? திங்கக்கெழம லைன்ல நில்லு."

இவ்வளவு நாள் ஏங்கிய லைன். திங்கட்கிழமை முதல் அரை மணியில் மூன்று பீஸ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். தழும்பு கொடூரமாக இருந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லாமலே நம்பியவர்தான் அவர். கை விரியவில்லை சார் என்றேன். விரித்துக் காட்டச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வரும் வரை விரித்தேன்.

"நடிக்காதமா," என்றார். "நல்லா விரி."