பம்புக்குள் கறுப்புக் கயிறு

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு புதன்கிழமை காலை ஜோகுபாளையத்தில் இருக்கும் என் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் டிரெய்லரோடு வந்து நின்றான். மேலே ஒரு பழைய ஜெட் ஸ்கி. தண்ணீரில் ஓடுகிற ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ அணைக்கரையில் மூடிக்கிடந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து வாங்கியிருக்கிறான். சனிக்கிழமை முதல் ரவுண்டுக்கு என் மகளைக் கூட்டிப்போவதாக வாக்கு வேறு கொடுத்துவிட்டான். அவளும் வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

“லேசா ஒரு சத்தம் வருது மாமா. கொஞ்சம் ஆயில் ஒழுகுது. ஸ்வல்ப பாத்து விடுங்க, அவ்ளோதான்.”

லேசா என்று சொல்லிக்கொண்டு வந்த எந்த வண்டியும் என் ஷெட்டில் லேசாக இருந்ததில்லை. அதற்குள் அவன் பூஜையையும் முடித்திருந்தான். ஹேண்டிலில் மல்லிகைச் சரம். திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்ட பம்பர் இல்லையே என்று, பின்னால் தண்ணீரைப் பீய்ச்சும் மூக்கில் எலுமிச்சம்பழத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

“அறிவிருக்காடா? ஓடுற விசிறி பக்கத்துல எவனாச்சும் கயிறு கட்டுவானா? அவுருடா அதை!” என்று கத்திவிட்டு ஹோஸ் பைப்பைத் தேடிப் போனேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

திரும்பி வந்தால் அடுத்த கூத்து. தரையில் வைத்து ஓட்டும்போது முதலில் எஞ்சின், அப்புறம்தான் தண்ணீர். மாற்றிச் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். இவன் முதலிலேயே குழாயைத் திறக்கப் போனான். கையைத் தட்டிவிட்டு நானே ஸ்டார்ட் செய்தேன்.

டொக். டொக். டொக்.

நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சின்மேல் வைத்து, பிடியில் காதை ஒட்டினேன். கார்களுக்கு நான் அப்படித்தான் பார்ப்பேன். எஞ்சின் சுத்தமாக இருந்தது. ஆயில் அளவிலும் குறைவில்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது. சீட்டுக்கும் பின்னால், அடிவயிற்றிலிருந்து.

எஞ்சினை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பம்புக்குள் இருக்கும் விசிறியைக் கையாலேயே மெல்லச் சுற்றினேன். சுற்றுக்கு ஒரு டொக். பூட்டின வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன். எதுவும் சுற்றவில்லை. கொஞ்சம் பொறுத்து, தானாக இன்னொரு டொக்.

மச்சான் என்னைப் பார்த்தான். பழைய மெட்ராஸ் ரோட்டு ஹாரன் சத்தம் அத்தனையும் இருந்தும், அந்த ஒரு டொக் மட்டும் தனியாகக் கேட்டது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி. பொய் சொல்வானேன், பயந்துதான் போனேன்.

பின்பக்கம் பம்பிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பால் அதிகமான டீயின் நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அதாவது பம்புக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. சீல் சும்மா போகாது. எதுவோ அறுத்திருக்க வேண்டும்.

பம்பைக் கழற்றி இறக்கினேன். விசிறிக்குப் பின்னால், ஷாஃப்டைச் சுற்றி, சீலுக்குள்ளேயே நுழைந்து இறுகிக் கிடந்தது ஒரு கறுப்புச் சுருணை. அதன் நுனியில் ஆயில் அப்பிய ஒரு கட்டி தொங்கி, பம்புச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளபடியே நிம்மதி. பேயும் இல்லை, பூதமும் இல்லை.

“பாத்தியாடா உன் திருஷ்டிக் கயிறு பண்ண வேலையை? உள்ள இழுத்துட்டுப் போயிருக்கு!”

“அதைத்தான் காலைலயே அவுக்கச் சொன்னீங்களே மாமா” என்று அவன் பாக்கெட்டிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டினான். எலுமிச்சம்பழம்கூட அதிலேயே இருந்தது.

நான் குனிந்து ஒரு இழையைப் பிரித்தேன். கயிறு இல்லை. முடி. முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

இந்த வண்டி அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளித்தான் ஓடும். தண்ணீரோடு என்ன வந்தாலும் உறிஞ்சும்.

ரிசார்ட் வாட்ச்மேன் நம்பர் மச்சானிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். “ஹேளி சார், சொல்லுங்க” என்றார் அந்தப் பக்கம்.

“ரிசார்ட்ல வாங்கின ஜெட் ஸ்கியைப் பிரிச்சிருக்கேன். இதுல யாருக்காவது ஏதாச்சும் ஆச்சாங்க?” நான் கேட்டது அவ்வளவுதான்.

அவர் பதிலுக்குக் கேட்டார். “கிளிப் சிக்கிடுச்சா சார்? செவப்பு கலர்ல, வெள்ளைப் புள்ளி போட்டது?”

அந்தக் கட்டியை நான் இன்னும் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தேன். சிவப்பு. வெள்ளைப் புள்ளி. மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அந்தப் பொண்ணு... இருக்காளா?” என்றேன்.

“இல்ல சார். பின்னாடி உக்காந்திருந்துச்சு, விழுந்துடுச்சு. முடியை வெட்டித்தான் எடுத்தாங்க. அவங்கம்மா ரிசார்ட் மூடினப்புறமும் வராங்க சார். வேற ஒண்ணும் கேக்கறதில்ல. அந்த கிளிப் மட்டும்தான் கேக்கறாங்க.”

அந்தம்மா நம்பரை வாங்கச் சொன்னேன் மச்சானிடம்.

நாலு மணிக்கு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். “மாமா, சனிக்கிழமை போறோம்ல?” என்று அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் தலையைத் தூக்கவேயில்லை. இடுப்புக்குக் கீழே அவள் பின்னல் ஆடிக்கொண்டிருந்தது. எட்டி அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயோ அப்பா! கையெல்லாம் ஆயிலு! விடுங்கப்பா!”

நான் விடவில்லை.