ஆறு லைசென்ஸும் என் மச்சானும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கள் கம்பெனி இருக்கிறது. சினிமாவுக்கும் விளம்பரங்களுக்கும் கம்ப்யூட்டரில் மழை, வெள்ளம், புகை செய்து கொடுக்கிறோம். சிதம்பரத்தில் ஒரு கிளை உண்டு. இரண்டு ஊரிலும் செய்கிற காட்சிகளை, நொடிக்கு இருபத்துநாலு என்று ஒவ்வொரு படமாக எடுத்துத் தள்ள, கடலூர் ஆபீஸின் ஏசி அறையில் பதினெட்டு மெஷின்கள் இருக்கின்றன. ரெண்டர் ஃபார்ம் என்போம். அதற்கு நான்தான் பொறுப்பு.

மெஷின்கள் பதினெட்டு இருந்தாலும், தண்ணீர் செய்கிற சாஃப்ட்வேருக்கு எங்களிடம் ஆறு லைசென்ஸ்தான். இரண்டு ஊருக்கும், ஃபார்ம் மெஷின்களுக்கும் சேர்த்தே ஆறு. ஏழாவது ஆள் திறந்தால் லைசென்ஸ் இல்லை என்று திரையில் வந்துவிடும். யார் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் நாள் முழுக்க என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

அதில் தினமும் இரண்டு வரிகள் என் மச்சானுடையவை. என் மனைவியின் தம்பி. சிதம்பரம் கிளையில் வெள்ளம் செய்வதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எனக்கு இந்த வேலை கிடைத்ததே அவன் சொல்லித்தான். அதனாலோ என்னவோ, அந்த இரண்டு வரிகளையும் நான் ரொம்ப நாள் பார்த்தும் பார்க்காதது போலவே இருந்தேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ஒரு பெண்மணி எங்கள் கடலூர் டீமின் லீடர். ஒரு நாள் காலை நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், உங்க மச்சானுக்கு மட்டும் எப்புடி எப்பவும் ரெண்டு லைசென்ஸ் இருக்குது? இங்க மூணு பேரு வேல இல்லாம கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே மச்சானுக்கு போன் போட்டேன்.

"ரெண்டாவது மெஷின்ல யாரு மச்சான் வேல செய்யறாங்க?"

"யாரும் இல்ல மாமா. சும்மா தொறந்து வெச்சிருக்கேன். நான் காட்டுமன்னார்கோயில்ல பஸ் ஏறி வந்து சேர்றதுக்குள்ள உங்க ஆளுங்க ஆறையும் புடிச்சிடறாங்க. பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கறதில்ல? அந்த மாதிரிதான்."

சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெண்மணியிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அன்றைக்கே ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். அரை மணி நேரம் யாரும் கீபோர்டையோ மவுஸையோ தொடவில்லையென்றால் அந்த லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்ளும். மறுநாள் காலை பத்து மணியிலிருந்து இது நடக்கும் என்று இரண்டு ஆபீஸுக்கும் மெயில் அனுப்பினேன். மச்சான் மெயில் படிக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தனியாகச் சொல்லவில்லை. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டவில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டுமென்ற வீம்பு.

மறுநாள் பதினொரு மணிக்கு அவனிடமிருந்து போன்.

"மாமா, என் மெஷின்ல சாஃப்ட்வேர மூடுனது நீங்களா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மச்சான்."

"நேத்து சாயங்காலத்துலேருந்து ஓடிக்கிட்டிருந்த வெள்ளம் மாமா. இன்னும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். எல்லாம் போச்சு." போனை வைத்துவிட்டான்.

வீட்டில் என் மனைவி சண்டை எதுவும் போடவில்லை. "அவன் ஒருவாட்டி கூட ஒங்கள எதிர்த்துப் பேசுனதில்ல. இன்னிக்கு எங்கிட்ட போன்ல அழுதுட்டான்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். நான் போனபோது மச்சான் அப்போதுதான் மறுபடியும் அதே வெள்ளத்தை முதலிலிருந்து ஓட விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மவுஸில் இல்லை. ஒரு தெரு, அதில் முழங்கால் அளவு தண்ணீர். மெஷின் ஒவ்வொரு நொடித் தண்ணீரையும் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மவுஸ் அசையவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று நான் நினைத்திருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான் மச்சான்" என்றேன்.

அவன் எழுந்து, "டீ குடிக்கலாம் வாங்க மாமா" என்றான்.

மேல வீதிக் கடையில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்து காட்டினேன். அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இந்த மூணும் உங்க ஃபார்ம் மெஷினுங்கதானே? இதுங்க எதுக்கு தண்ணி லைசென்ஸ எடுக்குதுங்க? தண்ணிய நான் முன்னாடியே கணக்கு போட்டு ஃபைலா எழுதி வெச்சிடறேனே. அதுங்க அதப் படிச்சி படம் எடுத்தா போதும்ல?"

டீ கையிலேயே நின்றது. படம் எடுப்பதற்கென்றே தனி லைசென்ஸ் இருக்கிறது, மெஷினுக்கு ஒன்றாகப் பதினெட்டு. அதில் பாதிக்கு மேல் எப்போதும் சும்மாதான் கிடக்கும். ஃபார்ம் போட்ட புதிதில் நான்தான் மெஷின்கள் தண்ணீர் லைசென்ஸை எடுக்கும்படி செட்டிங் வைத்திருந்தேன். பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தது என் அறை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பத்து நிமிட வேலை. மூன்று லைசென்ஸ் விடுபட்டன. மெஷின் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் லைசென்ஸைத் தொடக் கூடாது என்று என் ப்ரோகிராமையும் திருத்தினேன். மச்சான் போய், அன்றும் துண்டு போட்டு வைத்திருந்த இரண்டாவது மெஷினை மூடிவிட்டு வந்தான். கடலூர் போனதும் அந்தப் பெண்மணியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். "நல்ல வேள, ஒத்துக்கிட்டீங்களே சார்" என்று சிரித்தார்.

இப்போதும் சில நாள் ஏழாவது ஆள் வந்துவிடுவதுண்டு. வாட்ஸப் குரூப்பில் யாராவது ஒன்று விடச் சொல்லிக் கேட்பார்கள். முக்கால்வாசி நேரம் மச்சான்தான் முதலில் விடுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயிலில் மாமியார் வீட்டில் விருந்து. சாப்பிட உட்காருவதற்கு முன், முடிந்துபோன வெள்ளத்தை மச்சான் போனில் அம்மாவிடம் காட்டினான். தெரு முழுக்கத் தண்ணீர் புரண்டு வந்தது. மாமியார் கரண்டியோடு பதறிப் போய், "ஐயய்யோ, வீராணம் ஏரி ஒடைஞ்சிடுச்சாடா?" என்றார். மச்சானுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை. என் மனைவி சிரித்துக்கொண்டே எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டாள்.