எட்டு நடைக்குக் கணக்குப்பிள்ளை

எங்கள் காலனிப் பூங்காவில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் சேர்ந்தேன், ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தேன், நடுவில் நானே அதில் மண்ணைப் போட்டுக்கொண்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. அம்மா எட்டு நடப்பாள், நான் எண்ணுவேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்திருந்தது. தம்பி வயிற்றில் இருந்தபோது வந்தது, அவன் பிறந்து இரண்டு வருடமாகியும் போகவில்லை. டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் எட்டு நடக்க வேண்டும், முப்பது சுற்று, பேசாமல் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதற்குத் தோதாக அந்த வருடம்தான் எங்கள் காலனித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பூங்கா கட்டித் திறந்திருந்தார்கள். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், வரிசையாகப் புங்கமரம், அதற்கு நடுவில் தரையில் எட்டு என்ற எண்ணைப் பெரிதாக எழுதிப் போட்டதுபோல ஒரு நடைபாதை. ஒரு வளையத்தைச் சுற்றி வந்து, நடுவில் குறுக்கே கடந்து, அடுத்த வளையத்துக்குள் போக வேண்டும். பாதை குறுக்கிடும் அந்த நடு இடத்தில் மட்டும் காண்டிராக்டர் எங்கேயோ மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்களைப் பதித்திருந்தார். சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட கற்கள். மழை பெய்தால் அதில் வழுக்கி விழாதவர் காலனியில் யாரும் இல்லை.

அந்த நடு இடத்துக்கு நேர் எதிரே இருந்த சிமெண்டு பெஞ்சுதான் என் ஆபீஸ். கவுனின் வலது பையில் முப்பது புளியங்கொட்டை இருக்கும். அம்மா ஒரு சுற்று முடித்து என்னைக் கடக்கும்போது ஒரு கொட்டை இடது பைக்குப் போகும். அம்மா புருவத்தைத் தூக்கி எத்தனை என்று கேட்பாள், நான் விரலைக் காட்டுவேன். வீட்டில் அம்மா முழுசாக யாருக்கும் கிடைக்க மாட்டாள். தம்பிக்குக் கொஞ்சம், அடுப்புக்குக் கொஞ்சம், அப்பா தேடும் சட்டைக்கும் சாவிக்கும் கொஞ்சம் போக, எனக்கு வருவது தலை பின்னிவிடும் நேரம் மட்டும்தான். பூங்காவுக்கு மட்டும் தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அரைமணி நேரம் என்னுடையது. வேறு ஒருத்தருக்கும் அதில் பங்கு கிடையாது என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ஆச்சி வந்தார்.

ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுப் பெண்களுக்கு இருபது வயதானாலும் ஆச்சிதான். இவருக்கு அம்மா வயதுதான் இருக்கும். அடுத்த தெருவில் வாடகைக்கு வந்திருந்தார். மூக்குத்தி போட்டுக்கொண்டு, சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலில் விறுவிறுவென்று நடப்பார். முதல் நாளே அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அதுவரை அந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்த்திருக்கிறேன். அப்பாகூட "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். யார் இந்த அம்மாள், என் அம்மாவை இத்தனை உரிமையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட?

பூங்காவில் பேசாமல் நடக்கவும் என்று ஒரு பலகை தொங்கியது. இருவரும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆச்சி ஒரு முனையில் தொடங்குவார், அம்மா எதிர்முனையில் தொடங்குவாள். இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பூப்போட்ட கல்லுக்கு வந்து சேர்வார்கள். அங்கே ஒருவர் நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். எப்போதும் அம்மாதான் நிற்பாள். அந்த ஒரு நொடியில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்பாள். பதில் அரைச் சுற்று கழித்து வரும். "மொளகா காய வச்சீகளா ஆச்சி?" என்று அம்மா கேட்டுவிட்டுப் போவாள். ஆச்சி வளையத்தைச் சுற்றி வந்து, "வச்சேன், மழை வந்து கெடுத்திருச்சு" என்பார். அப்புறம் இரண்டு பேரும் இரண்டு பக்கமாகச் சிரித்துக்கொண்டே போவார்கள். மிளகாய் நனைந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு வயிறு எரியும்.

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பள்ளியில் நடந்ததைச் சொன்னால் "ம்" என்று கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்குவாள். ஆச்சி "அப்புறம்?" என்று ஒரு சொல் கேட்டால் போதும், அம்மா முகமெல்லாம் பல்லாகி, அடுத்த வளையத்தை ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வந்து மிச்சத்தைச் சொல்வாள். என்னைக் கடக்கும்போது புருவத்தைத் தூக்குவதை மறந்துவிட்டாள். நான் விரலைக் காட்டிக்கொண்டே இருப்பேன். பார்க்க ஆள் இருக்காது.

ஆச்சிக்கு என் மேல் பிரியம்தான். அதையும் சொல்ல வேண்டும். தினமும் காகிதத்தில் சீப்புச் சீடையோ தேன்குழலோ சுற்றிக்கொண்டு வந்து, "இந்தா ஆத்தா, கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம்" என்று கையில் வைப்பார். நான் சீடையைக் கடித்துக்கொண்டே, இவர் கால் இடறி விழுந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டிருப்பேன். சீடை என்னவோ நன்றாகத்தான் இருக்கும்.

அவர் விழவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டைக்குப் பதிலாக இரண்டு கொட்டையை இடது பைக்குத் தள்ளினால் என்ன? பதினைந்தே சுற்றில் முப்பது முடிந்துவிடும். நான் எழுந்து நின்று முப்பது என்று கத்துவேன், அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முதல் நாள் அம்மா கவனிக்கிறாளா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளினேன். நாலாவது நாள் பழகிவிட்டது. அவர்கள் சந்தேகப்படவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு என்று ஆச்சி கேட்பார். பேச்சுச் சுவாரசியத்தில் தெரியவில்லை என்று அம்மா சொல்வாள். நேரம் போனதே தெரியாமல் பேசியிருக்கிறோம் என்று அதற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு நாள் அம்மா எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள். மிளகாய்ச் சமாச்சாரம் இல்லை. சிரிப்பும் இல்லை. ஆச்சி நடையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. விழாததாலேயே கோபம் வந்து, ஒரே தடவையில் நான்கைந்து கொட்டையைத் தள்ளிவிட்டு முப்பது என்று கத்தினேன். அம்மா கல்லின் மேல் நின்று, "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன் ஆச்சி" என்றாள்.

மறுநாள் பூங்காவுக்குப் போகவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போனார். முடிவைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. நடக்கிறீர்களா இல்லையா என்று கேட்டார். தினமும் முப்பது சுற்று என்றாள் அம்மா. டாக்டர் அவளை நம்பாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா தம்பியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. சட்டென்று என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இவளக் கேளுங்க டாக்டர். இவதான் எண்ணுறா."

நான் தலையை ஆட்டினேன். முப்பது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? டாக்டர் மாத்திரையை இரண்டாக்கி எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். நடக்கப் போகிறாயா, பேசப் போகிறாயா என்று கேட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை, அன்றைக்கும் சத்தம் போடவில்லை. அம்மா துணியை மடித்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அப்பாவின் சொல் காதில் இனித்தது. குற்றம் என் புளியங்கொட்டையில் இல்லை, அந்த அம்மாளின் பேச்சில் இருக்கிறது என்று பெரியவர் ஒருவரே சொல்லிவிட்டார். இதைவிட வேறென்ன வேண்டும்?

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் தம்பி பாலைக் கொட்டிவிட்டான். அம்மா துடைத்துக்கொண்டே, நீ முன்னால் போ, ஆச்சியை ஆரம்பிக்கச் சொல், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று அனுப்பினாள். ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பூக்கல்லில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காகிதப் பொட்டலத்தை நீட்டி, அம்மா எங்கே என்றார்.

வழியெல்லாம் எதையும் யோசித்துக்கொண்டு வரவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"அம்மா இனிமே தனியாத்தான் நடப்பாகளாம். உங்ககூடப் பேசிக்கிட்டு நடந்ததுலதான் சுகர் ஏறிருச்சாம். சொல்லிட்டு வரச் சொன்னாக."

ஆச்சி அம்மாவின் பெயரைச் சொல்லி, அவளா சொன்னாள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். நான் புங்கமரத்தைப் பார்த்தேன். அப்புறம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பை மாட்டினார். "சரி ஆத்தா. அவ ஒடம்பு நல்லா ஆகட்டும். நீ ஒழுங்கா எண்ணு" என்றார். என் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

அம்மா வருவதற்குள் பொட்டலத்தில் இருந்த அத்தனை சீடையையும் தின்று தீர்த்தேன். ஆச்சி வந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. காகிதத்தைச் சுருட்டிச் சறுக்குமரத்துக்கு அடியில் எறிந்தேன். அம்மா வந்து, ஆச்சி எங்கடி என்றாள். வரவில்லை என்றேன்.

அன்றைக்கு அம்மா முப்பது சுற்றும் தனியாக நடந்தாள். நான் ஒரு கொட்டைகூடத் தவறாமல் எண்ணினேன். புருவத்தைத் தூக்கினாள், விரலைக் காட்டினேன். என் உத்தியோகம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

ஆச்சி மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா நடந்துகொண்டே கேட்டைப் பார்ப்பாள். காலையில் நடக்கிறாராம் என்று யாரோ சொன்னார்கள். அம்மாவால் காலையில் வர முடியாது, அப்பாவுக்கும் எனக்கும் சோறு கட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து, வீட்டுக்கு நடந்து வரும் வழியில், என்னிடம் போய்க் கேட்டாள்.

"நான் எதும் தப்பாப் பேசிட்டேனாடி? நீ பக்கத்துலதான இருந்த?"

எனக்குத் தெரியாது என்றேன். ஒரு தரம் ஆச்சி வீட்டுத் தெரு வரைக்கும் போனாள். கையில் ஒரு சம்படம் நிறைய வெங்காய வடகம். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று முக்கிலேயே நின்று யோசித்துவிட்டு, அப்படியே திரும்பி வந்தாள். அந்த வருடக் கடைசியில் ஆச்சி வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பால்காரர் சொன்னார். அம்மா பாலை வாங்கிக்கொண்டு, அப்படியா என்றாள்.

ஆச்சி போனால் அம்மா முழுசாக எனக்கு வந்துவிடுவாள் என்பதுதான் ஒன்பது வயதில் நான் போட்ட கணக்கு. அவள் வரவில்லை. ஆச்சியிடம் சிரித்த அந்த அம்மா வீட்டில் எங்கும் இல்லை. நான் எத்தனையோ கதை சொல்லிப் பார்த்தேன், அவள் "ம்" என்று கேட்டுக்கொண்டு வெண்டைக்காய்தான் நறுக்கினாள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் டியூஷன் வந்துவிட்டது, பூங்காவுக்குப் போவதை நான் விட்டுவிட்டேன்.

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது சும்மா அம்மாவோடு கிளம்பினேன். பூங்காவில் இப்போது விளக்கெல்லாம் போட்டு, உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். எட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா வெறுங்காலோடு நடந்தாள். பூப்போட்ட கல்லுக்கு வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, உடம்பை இடது பக்கம் ஒதுக்கி, அப்புறம்தான் கடந்து போனாள். எதிரே யாரும் வரவில்லை. முதல் நாள், முட்டி வலி போல என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கவனித்துப் பார்த்தேன். முட்டி வலி இல்லை.

மூன்றாம் நாள், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிர்முனைக்குப் போய் நடக்கத் தொடங்கினேன். நடுக்கல்லில் சந்தித்தோம். அம்மா ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நான் நின்று, ஆச்சி கேட்பாரே அதேபோல, "அப்புறம்?" என்றேன்.

அம்மாவும் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"நீ அங்குட்டுப் போயி உக்காருடி," என்றாள். "உக்காந்து எண்ணு. அது போதும்."

போய் அந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். புளியங்கொட்டை இல்லை. கீழே கிடந்த புங்கங்காயில் முப்பது பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாகச் சரியாக எண்ணினேன். முப்பது சுற்று முடிவதற்குள் அம்மா அறுபது தடவை அந்தக் கல்லில் நின்று வழிவிட்டுப் போனாள்.